பகைவர் புண்ணுக்கும் மருந்து

மகன் நோயுற்றால் தாய் உறங்காள். அண்டை வீட்டில் அழுகுரல் எழுந்தால் அயலார் ஓடி வருவர். தன் ஊரார்க்கு இடுக்கண் நேர்ந்தால் ஊர் முழுதும் திரளும். இவை மக்கட் பண்பால் இயல்பாக நிகழ்வன. இவற்றுக்குச் சட்டம் வேண்டுவதில்லை. ஆயின், முன்பின் அறியாத நாட்டில், முகமறியாத ஒருவன், நேற்றுவரை நம்மை எதிர்த்துப் படைக்கலம் ஏந்தியவனாகவும் இருக்கக்கூடியவன், குருதி சோர வீழ்ந்து கிடக்கையில், அவன் வாயில் நீர் வார்ப்பது எவர் கடன்? இவ்வினாவுக்கு உலக நாடுகள் கூடி விடை வகுப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

பண்டைத் தமிழ் வேந்தர், போர் தொடங்குமுன் ஆவினமும் பெண்டிரும் பிணியுடையாரும் பிறரும் தத்தமக்கு அரணாகிய இடம் சேருமாறு அறிவித்த அறநெறியைப் புறநானூறு பேசுகின்றது. அது போருக்கு முன்னர்க் காட்டிய அருள். போர் முடிந்தபின் களத்திற் கிடக்கும் பகைவனுக்கு யார் மருந்திடுவது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், வட இத்தாலியில் சோல்பெரினோ என்னும் சிற்றூரைச் சூழ்ந்த குன்றுகளிற் பெரும்போர் ஒன்று மூண்டது. ஒருபுறம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் சார்டினிய மன்னர் விக்டர் இம்மானுவேலும் நின்றனர். மறுபுறம் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் நின்றார். விடியலில் தொடங்கிய போர் மாலைவரை நீடித்தது. கதிரவன் மறைவதற்குள் இரு திறத்தாரிலும் இறந்தவரும் புண்பட்டவரும் காணாமற் போனவருமாக ஏறத்தாழ 40,000 பேர் ஒழிந்தனர். பிரெஞ்சுப் படையிற் குதிரைகளைப் பேணிய மருத்துவர், வீரர்களைப் பேணிய மருத்துவரினும் மிகுதியாக இருந்தனர் என்பர். குதிரைக்கு விலையுண்டு, வீரனை மீண்டும் விலையின்றித் திரட்டிக் கொள்ளலாம் என்று அக்காலத்து அரசுகள் எண்ணின போலும்!

அன்று மாலை அவ்விடத்தருகே வந்து சேர்ந்த வழிப்போக்கர் ஒருவர் உளர். அவர் பெயர் ஹென்றி டுனாண்ட். ஸ்விட்சர்லாந்து நாட்டு ஜெனிவா நகரத்தவர், வயது முப்பத்தொன்று. அவர் தொண்டு செய்ய வந்தவர் அல்லர், மருத்துவரும் அல்லர். அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய மாவாலைத் தொழிலுக்கு நிலமும் நீருரிமையும் வேண்டிப் பேரரசர் நெப்போலியனைக் கண்டு விண்ணப்பிக்க வந்த வணிகர். வந்தவர் விண்ணப்பத்தை மறந்தார். அருகிலுள்ள காஸ்திக்லியோனே என்னும் ஊருக்கு வண்டி வண்டியாகப் புண்பட்டோர் கொண்டுவரப்பட்டனர். ஊர்க்குடிகளின் தொகையினும் அவர் தொகை மிகுந்தது. தேவாலயங்களிலும் வீடுகளிலும் தெருக்களிலும் வைக்கோலைப் பரப்பி அவர்களைக் கிடத்தினர். ஊரில் நீர் இருந்தது. உணவும் ஓரளவு இருந்தது. அவற்றை எடுத்துக் கொடுப்பதற்குக் கைகள் இல்லை. நீர் இருந்தும் வீரர் நாவறண்டு இறந்தனர்.

டுனாண்ட் முதலிற் செய்தது அக்கைகளைத் திரட்டியதே. ஊர்ப் பெண்டிரை அழைத்தார். சிறுவர்களை வாளியும் குடமும் கொண்டு ஊற்றுகளிலிருந்து நீர் சுமக்கச் செய்தார். தம் வண்டியோட்டியை பிரேசியா நகருக்கு அனுப்பி, எலுமிச்சம்பழமும் சட்டைகளும் புகையிலையும் வாங்கிவரச் செய்தார். புகையிலை எதற்கு என்று நீங்கள் வினவலாம். அழுகும் புண்களின் நாற்றத்தைப் புகை ஒருவாறு மறைத்தது. நோயாளிகளும் அதனை விரும்பிக் கேட்டனர். உதவுவோன் தான் கொடுக்க விரும்புவதைக் கொடாமல், துன்புறுவோன் வேண்டுவதைக் கேட்டுக் கொடுத்தான் என்பதனை இங்கே மனங்கொள்க. இதனைப் பின்னரும் ஒருமுறை நாம் நினைவுகூர வேண்டியிருக்கும்.

அவ்வூர்ப் பெண்டிர் முதலில் ஐயுற்றனர். ஆஸ்திரியர் அவர்தம் பகைவர் அன்றோ? ஆயினும் வெண்ணிற உடை அணிந்த அவ்வயலார், பிரெஞ்சு வீரனுக்கும் ஆஸ்திரிய வீரனுக்கும் ஒரே குவளையில் நீர் கொடுத்துச் செல்வதைக் கண்டு, தாமும் வேறுபாடு பாராட்டாது எல்லாரையும் உடன்பிறந்தாராகக் கருதி உழைத்தனர். சிறைப்பட்ட ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவித்தால் அவர்கள் எல்லார்க்கும் மருத்துவம் செய்வர் என்று டுனாண்ட் வேண்ட, பேரரசரும் அதற்கு இசைந்தார். பிற்காலத்து நெறிகள் யாவும் அச்சில நாட்களில் வித்தாகிவிட்டன.

ஊர் திரும்பிய பின்னரும் டுனாண்டுக்கு அக்காட்சி மறக்கவில்லை. 1862-இல் தாம் கண்டவற்றை எழுதி, 'சோல்பெரினோ நினைவு' என்னும் சிறுநூலாகத் தம் செலவில் 1,600 படிகள் அச்சிட்டு, ஐரோப்பிய அரசர்க்கும் அமைச்சர்க்கும் அனுப்பினார். கண்ணீர் வருவித்து முடியும் நூலாயின் அது மறக்கப்பட்டிருக்கும். அவர் அதன் இறுதியில் இரண்டு கருத்துகளை வைத்தார். அமைதிக் காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கங்கள் அமைத்துப் பயிற்றுவித்தல் ஒன்று. அத்தொண்டரையும் புண்பட்டோரையும் எப்படையும் தாக்காதிருக்க நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்ளுதல் மற்றொன்று. 1863-இல் ஜெனிவாவில் ஐவர் கொண்ட குழு கூடியது. டுனாண்டும், வழக்கறிஞர் மொய்னியரும், படைத்தலைவர் டுபோரும், மருத்துவர்களாகிய அப்பியா, மௌனுவார் என்போரும் அவ்வைவர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள், 12 நாடுகள் பத்து விதிகள் கொண்ட முதல் ஜெனிவா உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. வெண்புலத்திற் செஞ்சிலுவை பொறித்த கொடி அதற்குரிய அடையாளமாயிற்று. பின்னர்ச் செம்பிறையும் அவ்வாறே ஏற்கப்பட்டது.

டுனாண்டின் பிற்கால வாழ்வை ஈண்டு ஒரு சொல்லிற் கூறிச் செல்வோம். பிறர் துயர் துடைக்க முனைந்தவர் தம் தொழிலைக் கவனித்திலர். 1867-இல் பொருளிழந்து நொடித்தார். தாம் தோற்றுவித்த குழுவினின்றும் விலக நேர்ந்தது. நெடுநாள் வறுமையில் உழன்று, ஹைடன் என்னும் மலையூர் மருத்துவமனையில் ஓர் அறையில் ஒதுங்கி வாழ்ந்தார். 1901-இல் முதன்முதலாக வழங்கப்பெற்ற அமைதிக்கான நோபல் பரிசு, பிரெடெரிக் பாஸி என்பாரோடு சேர்த்து இவருக்கும் அளிக்கப்பட்டது.

இனி, இத்தொண்டின் நெறிகளைக் காண்போம். செஞ்சிலுவை இயக்கம் 1965-இல் வியன்னா நகரிற் கூடி ஏழு நெறிகளை வகுத்தது. அவற்றுள் நான்கு, செஞ்சிலுவைக்கு மட்டுமன்றிப் பன்னாட்டு உதவி அமைப்புகள் பலவற்றுக்கும் இன்று அடிப்படையாக உள்ளன. மனித நேயம் என்பது, துன்பம் எங்கே உளதோ அங்கே சென்று அதனைக் குறைத்தல். ஒருபாற் கோடாமை என்பது, இனம், சமயம், கட்சி பாராது, துன்பத்தின் அளவொன்றையே நோக்கி, மிகத் துன்புறுவோர்க்கு முதலில் உதவுதல். நடுநிலைமை என்பது, போரிடுவோருள் எவர் பக்கமும் சாராதிருத்தல். தற்சார்பு என்பது, பொருள் கொடுக்கும் அரசின் விருப்பத்துக்கு ஆட்படாதிருத்தல். நான்கனுள் இறுதியிற் சொன்னது சொல்லுக்கு எளிது, செயலுக்கு அரிது. உதவிப் பணத்தின் பெரும்பகுதி அரசுகளிடமிருந்தே வருகின்றது அன்றோ?

இவற்றுள் நடுநிலைமை என்னும் சொல் தமிழ் மாணவர்க்கு மயக்கம் தரும். வள்ளுவர் 'நடுவு நிலைமை' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது பகை, நட்பு, அயல் என்னும் மூன்று பகுதியிடத்தும் முறை திறம்பாது ஒழுகும் நிலை. நீதி வழங்குவோன் அந்நிலையில் நின்று, யார்மேல் குற்றம் என்று ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவான். புண்ணுக்கு மருந்திடும் தொண்டனின் நடுநிலைமையோ வேறு. அவன் தீர்ப்பே கூறான். குற்றவாளி யார் என்று அறியாதவன் அல்லன். அறிந்தும் வாய் திறவான். வாய் திறந்தால் இரு படைகளுள் ஒன்று தன் வாயிலை அடைத்துவிடும்; அடைத்த வாயிலுக்கு அப்பால் நோயாளிகள் கிடப்பர். ஆகவே நடுநிலைமை என்பது அவன் அடைய விரும்பும் பயன் அன்று. துன்புற்றோரை அடைதற்கு அவன் கொடுக்கும் விலை. அவ்விலை சிலபோது மிகப் பெரிதாகும்.

யான் ஆசிரியத் தொழில் புரிந்த காலத்து, ஒருநாள் வகுப்பில் இந்நெறிகளை விளக்கினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கொலை செய்தவன் பசித்து வந்தாலும் அவனுக்கும் சோறிட வேண்டுமா? அவன் உண்டு வலிமை பெற்று மறுபடியும் கொலை செய்தால் அப்பாவம் யாரைச் சாரும்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. மணி அடித்தது, விடை கூறாமலே வெளியேறினேன். அவ்வினா கற்பனையன்று, வரலாற்றில் மெய்யாகவே எழுந்த வினா. அதனைப் பின்னரே யான் அறிந்தேன்.

முதலில், வாய் திறவாமையால் வந்த கேட்டைக் கூறுவேன். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய நாஜி அரசு யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றொழித்து வந்தது. அச்செய்தி ஜெனிவாவில் இருந்த பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவுக்கும் எட்டியது. 1942 அக்டோபர் 14-ஆம் நாள் குழுவினர் கூடி, உலகறிய ஒரு வேண்டுகோள் விடுப்பதா என்று ஆராய்ந்தனர். வேண்டுகோளின் வரைவும் ஆயத்தமாக இருந்தது. விடுத்தால் ஜெர்மனி சினந்து, அங்குள்ள போர்க்கைதிகளைக் காணும் உரிமையை மறுத்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களைத் தடுத்தது. கைதிகளைக் காக்க 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தது. குடிமக்களைக் காக்க அத்தகைய உடன்படிக்கை அன்று இல்லை. வேண்டுகோள் வெளியிடப்படவில்லை. பிற்காலத்தில் அக்குழுவே இதனைத் தன் பெருந்தோல்வி என்று ஒப்புக்கொண்டது. போர் முடிந்தபின், 1949-இல் இயற்றப்பெற்ற நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளுள் நான்காவது, போர்க்காலத்துக் குடிமக்களின் பாதுகாப்புக்கென்றே அமைந்தது. சட்டம் வந்தது, காக்கப்பட வேண்டியவருட் பலர் அதற்கு முன்னரே மாண்டொழிந்தனர்.

ஆப்பிரிக்காவில் நைஜீரிய நாட்டினின்றும் பயாப்ரா பிரிந்து நின்று, 1967 முதல் 1970 வரை போர் நிகழ்ந்தபோதும் இவ்வினா எழுந்தது. முற்றுகையால் குழந்தைகள் பசியால் மெலிந்து மடிந்தனர். இரவில் விளக்கின்றி இறங்கிய வானூர்திகள் உணவு கொணர்ந்தன. அங்குத் தொண்டாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சிலர், கண்டதைக் கூறாது மருந்து மட்டும் இடுவது எமக்கு இயலாது என்று கருதினர். அவர்களும் இதழாளர் சிலரும் கூடி 1971-இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். மருந்திடுதலோடு சான்று கூறுதலையும் அவர்கள் தம் கடனாகக் கொண்டனர்.

மாணவனின் வினாவுக்கு நேரே வருவோம். 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ருவாண்டா நாட்டில் நூறு நாட்களளவில் துட்சி இனத்தவரும், அவர்களைக் கொல்ல மறுத்த ஹூட்டு இனத்தவரும் பல இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்டனர். கொலையை நடத்திய ஆட்சி போரிற் தோற்றது. தோற்றவுடன் அதன் தலைவரும் படையினரும், அச்சத்தால் நடுங்கிய எளிய ஹூட்டு மக்களும், ஒருங்கே எல்லை கடந்து, அன்று ஜயர் எனப்பட்ட காங்கோ நாட்டின் கோமா நகர்ப்புறத்தில் வந்து குவிந்தனர். ஒருசில நாட்களில் வந்தவர் தொகை பத்து இலட்சத்தை நெருங்கிற்று. அது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை நிலம். கழிப்பிடம் தோண்டவும் இயலாது. பிணத்தைப் புதைக்கக் குழி தோண்டவும் இயலாது. காலரா பரவிற்று. முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர்.

உலகெங்குமிருந்து உதவி அமைப்புகள் விரைந்தன. நீரும் உணவும் வந்தன, நோய் தணிந்தது. தணிந்தபின் உண்மை வெளிப்பட்டது. முகாம்களை ஆண்டவர் கொலைகாரரே. உணவைப் பங்கிடும் பொறுப்பு அவர்தம் கையில் இருந்தது. ஆள்தொகையைக் கூட்டிச் சொல்லி மிகுதியை விற்றனர். ஊர் திரும்ப விரும்பியோரை அச்சுறுத்தித் தடுத்தனர். மீண்டும் படையெடுக்கப் பயிற்சியும் பெற்றனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவினர், எம் உதவி கொலைகாரர்க்குப் படைக்கலம் ஆகின்றது என்று கூறி, அவ்வாண்டின் இறுதியில் வெளியேறினர். வேறு பல அமைப்புகள், முகாமிலுள்ள குழந்தை குற்றம் செய்ததில்லையே என்று கூறித் தங்கின.

எது சரி? இரு திறத்தாரையும் யான் இகழேன். ஆயினும் என் கருத்தைக் கூறாது விடுவதும் முறையன்று. கொலைகாரனுக்குத் தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் கடன். ருவாண்டாக் கொடுமைகளை விசாரிக்க ஐக்கிய நாடுகள் அவை 1994 நவம்பரில் ஒரு தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. பலர் அங்குத் தண்டிக்கப்பட்டனர். படைக்கலம் ஏந்தியோரை அகதிகளினின்றும் பிரித்து விலக்குவது அரசுகளின் கடன். கோமாவில் அரசுகள் அதனைச் செய்தில. சோறிடுபவன் பட்டினியைத் தண்டனையாக்கலாகாது. பட்டினி தலைவனை எட்டுமுன் அவன் காவலில் உள்ள கைக்குழந்தையை எட்டிவிடும். ஆயின், சோறு யார் கை வழியே செல்கின்றது என்று பாராதிருப்பதும் அறியாமையே. ஒருபாற் கோடாமை என்பது கண்ணை மூடிக்கொள்வது அன்று. அன்று அம்மாணவனுக்கு யான் கூறியிருக்க வேண்டிய விடை இது.

கோமாவிற் கற்ற பாடம் வீணாகவில்லை. அதன்பின் உணவைத் தலைவர்களிடம் மொத்தமாகக் கொடாமல், ஒவ்வொரு குடும்பத்தையும் பதிவு செய்து, அட்டை வழங்கி, நேராகக் கொடுக்கும் முறை வலுப்பெற்றது. பல இடங்களிற் பெண்டிர் கையிலேயே பங்கீடு ஒப்படைக்கப்பட்டது. உதவியின் அளவுக்கும் வரையறை வேண்டும் என உணர்ந்த பல அமைப்புகள் 1997-இல் கூடி ஆராயத் தொடங்கி, ஸ்பியர் என்னும் கையேட்டை வெளியிட்டன. ஒருவர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர். நீர்க்குழாய் ஒன்றுக்கு 250 பேர்க்கு மேற்படாமை. உறைவிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் நீர். கழிப்பிடம் ஒன்றுக்கு 20 பேர். ஆளொன்றுக்குத் தங்குமிடம் 3.5 சதுர மீட்டர்; நாளுணவு 2,100 கலோரி. எண்களாகப் பார்க்கையில் உயிரற்றனவாகத் தோன்றும். நள்ளிரவில் கழிப்பிடம் தேடி நெடுந்தொலை நடக்கும் முகாமிலுள்ள ஒரு சிறுமிக்கு இவ்வெண்களின் பொருள் நன்கு விளங்கும்.

வேண்டுவதை அறிந்து கொடுத்தல் பற்றி முன்னர்க் கூறினேன். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின், நாகப்பட்டினத்துக்கு அன்பால் அனுப்பப்பட்ட பழந்துணிகள் உடுப்பாரின்றிச் சாலையோரங்களிற் குவிந்து கிடந்தன. மீனவர் இழந்தவை படகும் வலையும். பிறர் கழித்த துணியை உடுக்க அவர்க்கு மனம் இல்லை. கொடுத்தவர் நெஞ்சிற் குறையில்லை. கேளாமற் கொடுத்ததே குறை.

வேண்டுவதைச் சரியாக அறிந்த செயலொன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1971-இல் கிழக்கு வங்காளத்தினின்றும் ஒரு கோடியளவு மக்கள் இந்தியாவுக்குள் புகலடைந்தனர். எல்லையருகே போங்காவ் என்னும் ஊரில் காலரா கொடுமையாகப் பரவிற்று. நோயாளிகள் தரையில் நெருங்கிக் கிடந்தனர். நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் செலுத்தத் தெரிந்தவரும் மிகச் சிலரே. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசும், 3.5 கிராம் சமையல் உப்பும், 2.5 கிராம் சோடா உப்பும் அளந்து கலந்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ அதனைக் குவளையில் முகந்து, அடுத்தடுத்துப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, இம்முறையால் நூற்றுக்கு நான்கிற்கும் குறைந்தது. காஸ்திக்லியோனேயில் இல்லாதிருந்த கைகள் போங்காவில் நோயாளிகளின் உறவினர் கைகளாகவே அமைந்தன. இன்று உலகெங்கும் வழங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு அம்முகாம் பெருஞ்சான்றாயிற்று.

ஒருபாற் கோடாமை என்னும் அரிய நெறி, இன்று முகாம்களில் ஒரு சிறு நாடாவில் அடங்கியுள்ளது. ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகளின் மேற்கையை அளப்பதற்கு அது பயன்படுகின்றது. அதில் செம்மை, மஞ்சள், பசுமை என மூன்று நிறங்கள் உள. கையின் சுற்றளவு 125 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமாயின் பச்சையிற் காட்டும். குறைந்தால் மஞ்சளிற் காட்டும். 115-க்கும் குறைந்தால் சிவப்பிற் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்து அறியலாம். சிவப்பிற் காட்டிய குழந்தைக்கு, வேர்க்கடலையும் பாற்பொடியும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்தரைத்த சத்துணவுப் பொட்டலங்கள் வழங்குவர். அதற்கு நீரும் வேண்டா, அடுப்பும் வேண்டா. தாய் வாரந்தோறும் குழந்தையைக் கொணர்வாள். தொண்டர் நாடாவைச் சுற்றி அளப்பார். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது, குழந்தையின் பெயர், வயது, எடை, நாடா காட்டிய எண் என்னும் இவையே; தந்தை எப்படையைச் சார்ந்தவன் என்று எழுதுதற்கு அதில் இடம் இல்லை.